பிஷப்பின் வயிறு

கல்யாணமாகிச் செகந்திராபாத் மல்காஜ்கிரிக்கு வந்த நாலாம் நாள் காலை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கீரைக்காரியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. "பிஷப் விடிஞ்சதுலருந்து மூணு தடவ போயிட்டாரு. தண்ணி தண்ணியா போவுது, பாவம்."

கீரைக்காரிக்குத் தமிழ் அரைகுறை. "அய்யோ பாபம்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் மாமியார்தான் துடைப்பமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். தொப்புளுக்குக் கீழே மனிதனுக்கு உடம்பு உண்டு என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டு ஒத்துக்கொண்டதில்லை. "ஏட்டி, அவங்க பெரிய சாமியாரையா இந்தச் சொல்லு சொல்லுதா?" என்று என்னிடம் பயந்துபோய்க் கேட்டார்.

அந்தச் சமயம் சுவர்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனாலும் முகத்தில் அதிகாரம் குறையவில்லை. எங்கள் இருவரையும் பார்த்து, இவர்களை ஆசீர்வதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. அதுதான் பிஷப்.

பூனைக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் தலை தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான, உருண்டையான உடம்பு, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய நூல்புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். என்னை மேலும் கீழும் பார்த்தார். "புதுப் பொண்ணா? பேரு அப்புறம் சொல்லு. வெளிக்கு ஒழுங்கா போவுதா? தண்ணி மாறியிருக்குல்ல, பாத்துக்க மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் ஒரு வாரம் எங்கள் கொல்லைக் கதவு திறக்கவில்லை.

ஆன்ட்டியின் தாத்தாவுக்கு அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சமையல்காரராகச் செகந்திராபாத் வந்தவராம். அதற்கப்புறம் நாலு தலைமுறையும் இங்கேதான். ஆன்ட்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் முப்பது வருஷமாக வேலை. அங்கே ரத்தம் பார்ப்பதற்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர், மூன்றாவதற்கு ஆன்ட்டி. ரத்தம் பார்ப்பவருக்குத் தனி நாற்காலி உண்டு, டீ முதலில் அவருக்குத்தான் போகும். ஆன்ட்டி இருக்கிற மேஜைப் பக்கம் டீக்காரன் எட்டிப் பார்க்கவே மாட்டான். "நக்கோ, எனக்கு டீ நக்கோ" என்று இவரும் இந்த ஊர் உருதுவில் வேண்டாமெனச் சொல்லிவிட்டாராம். வாய் பொய் சொல்லும், பீ பொய் சொல்லாது என்பது அவருடைய வேதவாக்கு. இதை மாதா கோயில் வாசலில், ஞாயிற்றுக்கிழமை, பட்டுப்புடவை கட்டிய பெண்கள் நடுவில் நின்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மெள்ள மெள்ளக் கொல்லைக் கதவு திறந்தது. அதற்குக் காரணம் என் ஆர்வம்தான். எங்கள் வீட்டில் பேசக்கூடாதவற்றை எல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசலாம் என்பது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் நான் சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து வயிறு வலித்துத் திரும்பி வருவேன். அந்தக் காலத்தில் சாம்பிள் கொடுக்க டப்பா கிடையாது. ஜனங்கள் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள். "ஒரு கடலப் பருப்பு சைசு போதும்னு சொன்னா, ஒருத்தர் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கொண்டாந்தாரு மா. மூடி வேற மூடல. கஞ்சனா இருக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்காரு." இன்னொரு குடும்பம், வீட்டுப் பெரியவருடையதாயிற்றே என்று, வெள்ளிக் குங்குமச்சிமிழில் வைத்துக் கொண்டுவந்ததாம். சிமிழைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அவர்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்று ஆன்ட்டி மாதாமேல் சத்தியம் செய்தார்.

என் வீட்டுக்காரர் அரசாங்கக் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்துவிடும். ஒரு நாள் அவர் கேட்டைத் திறந்துகொண்டு போவதை ஆன்ட்டி பார்த்துவிட்டு, பஸ்ஸில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நடையப் பாத்தாலே தெரியுது மா. மூணு நாளாச்சு. ராத்திரி ரெண்டு பேரீச்சம்பழம் ஊறப் போட்டுக் குடு." மூன்று நாள் என்பது சரியான கணக்கு. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறினார். பேரீச்சம்பழத்தை மட்டும் விடவில்லை.

இவ்வளவு பேசுகிறவர், லேபில் பார்த்தது யாருடையது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதை நான் சோதித்தே பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்கள் நடத்துகிற பொங்கல் விழாவில் ஒரு பெரிய மனிதர் புலால் மறுத்தலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில், பன்றிக்கறி தின்றால் மட்டுமே வயிற்றில் வரக்கூடிய ஒரு நாடாப்புழுவைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார். "அவருக்கா ஆன்ட்டி?" என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "பேரு கேக்காத மா. அந்த தீப்பெட்டிய நம்பி எங்கிட்ட குடுத்திருக்காங்க."

பிஷப் அவருக்குக் கிடைத்தது லேபுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில். கண் திறக்காத குட்டி. எடுத்துவந்து பஞ்சை நனைத்துப் பால் கொடுத்து வளர்த்தார். வளர்ந்ததே தவிர வயிறு தேறவில்லை. எதைத் தின்றாலும் அரை மணியில் வெளியே வந்துவிடும். பூச்சி மருந்து கொடுத்தார். மீன் கொடுத்தார், ஆட்டு ஈரல் கொடுத்தார், பாலை நிறுத்தினார், சோற்றை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட பித்தளை மைக்ராஸ்கோப் ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்திருந்தார். விளக்கு கிடையாது, அடியில் ஒரு வட்டக் கண்ணாடி, வெயிலைப் பிடித்து அதில் திருப்ப வேண்டும். மழை நாளில் பிஷப்புக்கு ரிப்போர்ட் கிடையாது.

மாட்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை கூடையில் வைத்துக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டர் எருமைக்குப் பேர் போனவர். பூனையைத் தொடாமலே பார்த்துவிட்டு, "எந்துக்கம்மா ஈ கஷ்டம்? ஒக்க இஞ்செக்‌ஷன் சாலு" என்றார். ஒரே ஊசியில் கதையை முடித்துவிடலாம் என்கிறார். ஆன்ட்டி கூடையை மூடினார். "எருமைக்கு வயிறு நாலு. நாலையும் பாக்குற டாக்டருக்கு ஒத்த வயித்தப் பாக்கத் தெரியலயா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். தெலுங்கில் கேட்டாராம். அவருக்குத் தெலுங்கு சண்டைக்கு மட்டும் நன்றாக வரும்.

கடைசியில் ஒரு வருஷம் போராடிக் கண்டுபிடித்தார். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, உப்பில்லாமல் அவித்து, நாராகப் பிய்த்து, அந்த வெந்த தண்ணீரோடு மூன்று ஸ்பூன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வேறு எதுவும், ஒரு பருக்கை சோறுகூட, கூடாது. அதற்கு மேல் ஒரு ஸ்பூன் போனாலும் பேதி, ஒரு வேளை தப்பினாலும் வாந்தி. கோழி அப்போது ஆட்டுக்கறியைவிட விலை ஜாஸ்தி. பூனை கோழி தின்றது, ஆன்ட்டி ரசம்சோறு சாப்பிட்டார். வேலை நாளில் பிஷப்பும் கூடையில் லேபுக்கே போகும். மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். அங்கே இருக்கிற நாற்றத்தில் பிஷப்பின் பங்கு தனியாகத் தெரியாது என்பதால் யாரும் புகார் செய்யவில்லை.

சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். ஸ்கேலால் கோடு போட்டு மூன்று கட்டம். நேரம், கோழி எத்தனை ஸ்பூன், வெளிக்கு எப்படி. கடைசிக் கட்டத்தில் 'கெட்டி', 'தளர்', 'தண்ணி' என்று மூன்றில் ஒன்று இருக்கும். 'கெட்டி' வருகிற நாளில் ஆன்ட்டி தெருவுக்கே கேட்கச் சொல்லுவார். ஒரு தடவை வீடு மந்திரிக்க வந்த ஃபாதர், வாசலில் கால் வைத்த நேரம் பார்த்து, உள்ளேயிருந்து "பிஷப் இன்னிக்கு அருமையா போனாரு" என்று குரல் வந்தது. ஃபாதர் தீர்த்தத்தை வாசலிலேயே தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

என் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த முதல் ஆகஸ்ட் கடைசியில் ஆன்ட்டி சுவரருகே வந்து, வழக்கமில்லாத தயக்கத்தோடு நின்றார். வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கிறது, பூனையால் ஆறு வருஷமாகப் போக முடியவில்லை, எட்டு நாள் நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "யாரையும் இப்படிக் கேட்டதில்ல மா. உன்ன நம்பிதான்."

யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். கோழி என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து முட்டையைக்கூட ஓட்டோடுதான் பார்த்திருக்கிறேன். மாமியாரிடம், பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என்ன சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. பூனை என்றால் பால்சோறு என்பது அவர் தீர்மானம்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். கறிக்கடைப் பையன் ஏழு மணிக்கு இலையில் கட்டிய பொட்டலத்தை ஆன்ட்டி வீட்டுப் படியில் வைத்துவிடுவான். மூக்கில் கர்ப்பூரம் முடிந்த கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கரண்டியாலேயே தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு அவித்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் கொதித்து வாசனை எழுந்ததும் குடல் வெளியே வந்துவிடுவது போல வாந்தி. நாலாம் நாள் பொட்டலத்தைப் பார்த்ததுமே வாந்தி. பிஷப் காலைச் சுற்றி வந்து கத்தியது.

வயிறு சரியில்லை என்றால் எங்கள் ஊரில் ஒரே மருந்துதான். குழைய வடித்த சோற்றில் புளிக்காத தயிர், ஒரு கல் உப்பு. எனக்குக் கொடுத்தார்கள், என் அம்மாவுக்குக் கொடுத்தார்கள், பிரசவித்தவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் அதுதான். மனிதனுக்கு ஆகிறது பூனைக்கு ஆகாதா? இந்த ஆன்ட்டி மாமிசம் சாப்பிடுகிறவர், அதனால் எல்லாவற்றுக்கும் கோழிதான் மருந்து என்று நினைக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தயிர்சோறு வைத்தேன். பிஷப் கிண்ணத்தையே நக்கி நகர்த்திக்கொண்டு போனது. எனக்கு ஒரே பெருமை. கோழிப் பொட்டலம் தெருநாய்களுக்குப் போனது. அந்த வாரம் முழுக்க நான் எங்கே போனாலும் நாலு நாய்கள் துணைக்கு வந்தன.

அட்டவணையில் தயிர்சோற்றுக்குக் கட்டம் இல்லை. 'கோழி எத்தனை ஸ்பூன்' என்ற இடத்தில் மூன்று, மூன்று, மூன்று என்று எழுதினேன். ஆறாம் நாள் கடைசிக் கட்டத்தில் 'தண்ணி' என்று எழுத வேண்டி வந்தது. ஏழாம் நாளும் அதுவே. பயந்துபோய் மறுபடியும் கோழியை அவிக்கப் பார்த்தேன், அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் நாள் பிஷப் எழுந்து நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மொட்டைத் தலை. பூனைக்காக முடியைக் காணிக்கையாகக் கொடுக்கப் போகிறேன் என்று போகும்போது சொல்லவில்லை. நரைத்த முடிதான் என்றாலும் இடுப்பு வரைக்கும் இருந்தது. "காணிக்க போட வயிறு மாதிரி ஒரு வெள்ளித் தகடு கேட்டேன் மா. கண்ணு இருக்கு, காலு இருக்கு, வயிறு இல்லன்னுட்டான் கடக்காரன். பூனையும் இல்ல. மாடுதான் இருந்துச்சு. மாட்டையே போட்டேன். மாதாவுக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், பிஷப்பைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அட்டவணையைக் கேட்டார். கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

மறுநாள் காலை வெயில் வந்ததும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். அயோடின் ஒரு சொட்டு விட்டார். அது பட்டால் அரிசி கருநீலமாகும், இதெல்லாம் அவர் சொல்லி எனக்கே தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடித் துண்டை மாற்றினார். அயோடின் பாட்டிலை மாற்றினார். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைச் சுவரருகே கூப்பிட்டார்.

"கோழிதான குடுத்த?"

"ஆமா ஆன்ட்டி."

"கோழியில அரிசி எங்கருந்து மா வரும்?"

"தெரியலயே" என்றேன்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் சொன்னால் மாமியாருக்குக் கோழி அவித்தது தெரிந்துவிடும், ஆன்ட்டிக்கு ஏமாற்றியது தெரிந்துவிடும் என்று பயம். பத்தடி தள்ளி மாமியார் புளி கோதிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஹவ், ஆமா, நீ எழுதியிருக்க. அப்ப என் கண்ணுதான் போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஊர் உலகத்தில் யார் வாயையும் நம்பாத மனுஷி. முப்பது வருஷமாகக் கண்ணாடித் துண்டை மட்டும் நம்பியவர். எனக்காக அந்தக் கண்ணாடித் துண்டைச் சந்தேகப்பட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

கோழியும் இனி பிஷப்புக்கு ஆகாது என்று முடிவு செய்து, அதையும் நிறுத்திவிட்டுக் குளுக்கோஸ் தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு நாளில் பூனை துணிபோல ஆகிவிட்டது. மூன்றாம் நாள் காலை, லேபுக்குக் கிளம்பி நின்றவர் என் மாமியாரைச் சுவரருகே கூப்பிட்டார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

"அம்மா, நான் இன்னிக்கு பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். இனிமே லேப் வேல எனக்கு நக்கோ. என் கண்ணு இல்லாதத காட்டுது. என் ரிப்போர்ட்ட நம்பி ஊசி போடுறாங்க, மருந்து குடுக்குறாங்க. எத்தன பேருக்கு தப்பா எழுதிக் குடுத்தேனோ. பூனை செத்துதுன்னா உங்க மருமககிட்ட புதைக்க வேணாம்னு சொல்லுங்க, நான் வந்து பாத்துக்குறேன்." சொல்லும்போது மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"அது சோறுதான்" என்றேன். மறுபடியும் சொன்னேன். "நான் தயிர்சோறு வச்சேன் ஆன்ட்டி. அஞ்சு நாள். கோழி வாசன தாங்கல, வாந்தி வந்துது. கோழின்னு பொய்யா எழுதினேன்."

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து, சுவர் ஓரத்துச் சின்னக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு போய், மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். அன்றைய கண்ணாடித் துண்டையே வைத்து அயோடின் விட்டார். வெயிலைத் திருப்பினார். "பாரு. என்ன தெரியுது?"

நீலமும் கறுப்புமாகத் துணுக்குத் துணுக்காக இருந்தது. "சோறு."

"யாரு வீட்டுச் சோறு?"

"எங்க வீட்டுச் சோறு."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. "என் கண்ணு சரியாத்தான் இருக்கு. மாதாவே, என் கண்ணு சரியாத்தான் இருக்கு" என்று பூனையிடம் போய்ச் சொன்னார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. "தலையில மயிர் இருந்தா பிச்சிக்குவேன், இப்ப அதுவும் இல்ல. போ, ஓடு, கறிக்கடைக்குப் போய் நெஞ்சுக்கறி வாங்கிட்டு வா."

"அவ போவ மாட்டா" என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல். அவரும் கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார். "ஒரு வாரமா வாந்தி எடுக்கா. நான் வெயிலுன்னுல்லா நெனச்சேன்."

ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்த்தார். "ஏன் மா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

இரண்டு கிழவிகளும் ஒரே சமயத்தில் விரல்விட்டு எண்ணினார்கள். விஷயம் என்னவென்று எனக்கே கடைசியாகத்தான் புரிந்தது. கோழி சமாச்சாரம் அந்தச் சந்தோஷத்தில் பாதி அமுங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்னார், "கோழியத் தொட்டதுக்குத் தலையோட தண்ணி ஊத்திக்க. பொய் சொன்னதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது, அவட்டப் போய்க் கேளு."

மத்தியானம் போனேன். ஆன்ட்டி கோழியை நாராகப் பிய்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "சோறு வச்சது ஒண்ணுமில்ல மா. தெரியாம வச்சிட்ட. நான் உன்னக் கேட்டேன்ல? நேரா உன்னத்தானே கேட்டேன்." திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. மாமியாரோடு பேசினார், என் உடம்பைப் பற்றி விசாரித்தார், எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார். என்னோடு மட்டும் இல்லை. அந்த மூன்று வாரமும் நான் கொல்லையிலேயே பழியாகக் கிடந்தேன். ஒரு நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரிடம் என்று சொல்லாமல், பொதுவாகக் குரல் வந்தது. "பிஷப்புக்கு இன்னிக்கு கெட்டி." இங்கிருந்து மாமியார், அந்தச் சுத்த சைவ மனுஷி, உளுந்து ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "நல்லதாப் போச்சு, அந்தத் தயிரு சனியன மறுபடி காட்டிராதீய" என்றார்.

அடுத்த ஆகஸ்டில் என் மகளுக்கு நாலு மாதம். ஆன்ட்டி மறுபடியும் சுவரருகே வந்து நின்றார். தலையில் முடி பையன்கள் கிராப்பு அளவுக்கு வளர்ந்திருந்தது. நன்றி சொல்ல வேளாங்கண்ணிக்குப் போகிறாராம். சாவியை என் கையில் வைத்தார். நான் வாங்கத் தயங்கினேன்.

"பொய் வேணும்னா எழுதிக்க மா" என்றார். "தயிர் மட்டும் நக்கோ."

அந்த எட்டு நாளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழி அவித்தேன். வாந்தி வரவில்லை. நாற்பது வேளையையும் நேரம் போட்டு எழுதினேன். 'இரண்டு மணிக்கு வைக்கவில்லை, தூங்கிவிட்டேன், மூன்றே காலுக்கு வைத்தேன்' என்று எழுதினேன். 'ஒரு ஸ்பூன் கீழே கொட்டிவிட்டது, இரண்டுதான் தின்றது' என்று எழுதினேன். 'ஒரு துண்டை நாய்க்குப் போட்டேன், அது என்னையே பார்த்தது' என்றுகூட எழுதினேன்.

ஒன்பதாம் நாள் காலை ஆன்ட்டி வந்தார். அட்டவணையை நீட்டினேன். வாங்கி அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு, நேரே கொல்லைக்குப் போய் மண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். வெயிலைத் திருப்பினார், அயோடின் விட்டார், பார்த்தார். "கெட்டி. சோறு இல்ல" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். மாதா படம் போட்ட எண்ணெய்க் குப்பி ஒன்று கொடுத்தார். கிளம்பும்போது பார்த்தேன், அட்டவணை ஜன்னலிலேயே இருந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே முழு உண்மை அது ஒன்றுதான். அதை அவர் கடைசிவரை படிக்கவில்லை.